கழற்றும்போதே மாட்டத் தொடங்கணும்: டிராக்டரில் கருவி மாட்டும் வேலையைச் சுலபமாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூன் மாதம் பாபநாசம் அணையில் கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டால், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் தொளி அடித்தாக வேண்டும், அதாவது நடவுக்கு வயலைச் சேறாக்கி உழுதாக வேண்டும். சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊரில் அந்த வாரம் டிராக்டருக்கு மூன்று வேஷம். காலையில் வயலுக்குச் சுழலும் கத்தி வைத்த ரோட்டவேட்டர், மதியம் உரமூட்டைக்கு டிரெய்லர், சாயங்காலம் யாராவது ஒரு அண்ணாச்சியின் வாழைத் தோட்டத்துக்குப் பல கொழு வைத்த கொத்துக் கலப்பை. வயலில் சக்கரம் இறங்கிய நேரத்திலிருந்துதான் மணிக்கணக்கு வாடகை. ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டும் நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை.

அந்த நேரம் எவ்வளவு என்று ஒரு வருடம் குறித்துப் பார்த்தேன். நல்ல நாளில் பத்து நிமிடம். மோசமான நாளில் மூன்று ஆள், ஒரு கடப்பாரை, ஒரு சம்மட்டி, வாய் நிறைய வசவு, முக்கால் மணி நேரம். வண்டியும் அதேதான், கலப்பையும் அதேதான். அந்தக் கலப்பையை முந்தைய நாள் எந்த இடத்தில், எந்த நிலையில் கழற்றிப் போட்டோம் என்பதில்தான் வித்தியாசம் இருந்தது. வரப்போரத்தில் ஒரு பக்கம் சாய்த்து, அவசரத்தில் பின்னை (மாட்டும் இரும்பு முளையை) உருவிவிட்டுப் போன கலப்பை மறுநாள் பழிவாங்காமல் விடாது. அதனால் இந்த வழிகாட்டியில் மாட்டும் வரிசையைச் சொல்வதற்கு முன்னால் வேறு சில சங்கதிகளைப் பேசியாக வேண்டும்.

எது அசையும், எது அசையாது

டிராக்டரின் பின்னால் கீழே இரண்டு கைகள். ஆங்கிலப் பெயர் லோயர் லிங்க். இங்கே கை என்றே எழுதுகிறேன். நடுவில் மேலே டாப் லிங்க். இந்த மூன்று முனை இணைப்பை 1920-களில் வடிவமைத்தவர் வட அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன். 1939-இல் வந்த ஃபோர்டு 9என் டிராக்டரோடு அது பெரிதாகப் பரவியது. அதற்கு முன் கலப்பையைச் சும்மா கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கினால் முன்சக்கரம் மேலே கிளம்பி வண்டி ஓட்டுபவர் மேலேயே கவிழும். பெர்குசன் முறையில் கலப்பை தடுக்கும்போது டாப் லிங்க் வழியாக வரும் அழுத்தம் வண்டியின் முன்பக்கத்தைத் தரையோடு அமுக்குகிறது. ஆக டாப் லிங்க் கலப்பை விழாமல் பிடித்துக்கொள்ளும் வெறும் கம்பி இல்லை. அதை மாட்டாமல் 'இந்தா பக்கத்து வயல்தானே' என்று போகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

இரண்டு கைகளும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் நம் ஊரில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் இடது கையைத் தூக்கும் ராடின் நீளம் மாறாது. வலது ராடில் ஒரு கைப்பிடி உண்டு; அதைச் சுற்றினால் வலது கை மட்டும் ஏறும், இறங்கும். இடது, வலது என்பது சீட்டில் முன்னோக்கி உட்கார்ந்திருப்பவரின் இடது, வலது. கலப்பையைப் பார்த்து நிற்கும் ஆளுக்கு இது தலைகீழ். பாதிச் சண்டை இதில்தான் வரும்.

மாட்டும் வரிசை இதிலிருந்தே கிடைத்துவிடுகிறது. இடது கையைச் சரிக்கட்ட முடியாது, அதனால் வண்டியையே அதற்குக் கொண்டுவந்து முதலில் மாட்ட வேண்டும். வலது கையைக் கைப்பிடியால் சரிக்கட்டி இரண்டாவது மாட்டலாம். டாப் லிங்க் நீளம் கூட்டவும் குறைக்கவும் முடிவது, அதனால் கடைசி. கழற்றும்போது டாப் லிங்க், வலது, இடது.

இன்னொரு சின்ன ரகசியம் உண்டு. இது தெரிந்தால் கடப்பாரை வேலை பாதி குறையும். டிராக்டர் ஹைட்ராலிக் கையை மேலே தூக்கும், ஆனால் கீழே அமுக்காது. கீழே வருவதெல்லாம் எடையால்தான். எனவே கைகள் கருவியின் பின்னுக்குக் கொஞ்சம் கீழே நின்றால், ஒரு ஆள் கையால் தூக்கிச் சேர்த்துவிடலாம். பின்னுக்கு மேலே நின்றுவிட்டால் ஏறி மிதித்தாலும் இறங்காது. எப்போதும் இரண்டு விரற்கடை தாழ்த்தியே நிறுத்துங்கள்.

பின்னும் புஷ்ஷும்

சின்ன வண்டிகளுக்கும் நடுத்தர வண்டிகளுக்கும் பின் அளவு வேறு. கேட்டகரி 1 என்றால் கீழ்ப் பின் 22 மி.மீ., டாப் லிங்க் பின் 19 மி.மீ. கேட்டகரி 2 என்றால் கீழ்ப் பின் 28 மி.மீ., மேலே 25 மி.மீ. கீழ் முனைகளுக்கு நடுவே உள்ள அகலமும் மாறும்: முதலாவதற்குச் சுமார் 68 செ.மீ., இரண்டாவதற்குச் சுமார் 82 செ.மீ. செகண்ட் ஹேண்டில் கலப்பை வாங்கப் போகும்போது பையில் ஒரு டேப் வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் புதிதாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட இந்த நான்கு அளவையும் பார்ப்பது உபயோகம்.

28 ஓட்டையில் 22 பின் நுழைந்துவிடும், வேலையும் நடக்கும். ஆனால் ஆட்டம் கொடுக்கும். இரண்டு மாதத்தில் கையின் முனையில் இருக்கும் குண்டு தேய்ந்து ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். அதற்கு இரும்பு புஷ் கடையிலேயே கிடைக்கிறது, லேத்துப் பட்டறையிலும் கடைந்து தருவார்கள். கருவியின் பின்னிலேயே புஷ்ஷை நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். டூல் பாக்ஸில் போட்டால் தேடும் அன்றைக்குக் கிடைக்காது.

பின் கழன்றுவிடாமல் இருக்க வளையம் வைத்த லாக் பின் வரும். அது தொலைந்துபோகவே பிறந்த சாமான். ஒவ்வொன்றையும் ஒரு சாண் சங்கிலியால் பின்னின் தலையோடு கட்டிவிடுங்கள். லாக் பின் இல்லையென்று ஆணியை வளைத்துப் போடுவதும், கட்டுக்கம்பியைச் சுற்றுவதும் எங்கள் பக்கம் சகஜம். தொளியில் ஆணி நசுங்கி அறுந்து ஒரு கை உருவிக்கொண்டால், ரோட்டவேட்டர் ஒரு பக்கமாகத் திரும்பிப் பின்டயரைக் கிழிக்கும். டயர் விலையில் எத்தனை லாக் பின் வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கருவி நிற்கும் இடம்

நான் செலவழித்த காசிலேயே அதிகம் திருப்பிக் கொடுத்தது களத்தோரம் போட்ட பத்தடிக்கு எட்டடி சிமென்ட் தளம்தான். தளம் மட்டமாக இருந்தால் கருவி மட்டமாக நிற்கும். கருவி மட்டமாக நின்றால் இரண்டு பின்னும் ஒரே உயரத்தில் இருக்கும். வேறு சூட்சுமம் ஒன்றுமில்லை.

தளம் போட வசதி இல்லையென்றால் பனங்கட்டை போதும். நம் சீமையில் பனைக்கா பஞ்சம்? நன்றாக முற்றிய பனையில் நாலடி நீளத்துக்கு இரண்டு சட்டம் அறுத்து, கருவியின் இரு பக்கக் கால்களுக்கும் கீழே வையுங்கள். மண்ணுக்கு மண் இது வேறுபடும். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் ஒரு மழை பெய்தால் வெறுங்காலில் நிற்கும் கலப்பை ஒரு பக்கம் மட்டும் புதைந்துபோகும். பிறகு வெயிலில் மண் இறுகி அதைப் பிடித்துக்கொள்ளும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் குறுகிய கால் எதுவானாலும் இறங்கிக்கொண்டே போகும், அங்கே சட்டத்தைவிட அகலப் பலகைதான் நிற்கும். ஆற்றுப்பாசன வயலோரத்திலோ கேட்கவே வேண்டாம், நேற்று வைத்த இடத்தில் இன்றைக்குச் சேறு.

உயரமும் முக்கியம். ஒருமுறை டிராக்டரைத் தளத்தில் நிறுத்தி, கைகள் சௌகரியமாகத் தொங்கும் உயரத்தைத் தரையிலிருந்து அளந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கருவியின் கீழ்ப் பின்னும் அந்த அளவுக்கு இரண்டு விரற்கடை மேலே இருக்கும்படி கட்டையை அடுக்குங்கள். ரோட்டவேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டாண்டின் ஓட்டையை அந்த உயரத்துக்கு மாற்றினால் போதும். கொத்துக் கலப்பைக்குப் பெரும்பாலும் ஸ்டாண்டே இருக்காது. கொழு முனையில் நின்று முன்னாலோ பின்னாலோ கவிழப் பார்க்கும். வெல்டிங் பட்டறையில் சொல்லி, பின்னால் ஒன்றும் முன்னால் ஒன்றுமாகக் குழாய்க் கால் வைக்க ஒரு மணி நேர வேலை.

இடம் குறைவான வீட்டில் நான்கு திரும்பும் சக்கரம் வைத்த தள்ளுவண்டி ஒன்று அடித்துக்கொள்ளலாம். கருவியை அதன்மேல் இறக்கிவிட்டால், வண்டி வந்து சேராத அந்த ஒரு சாணுக்கு ஒரு ஆளே கருவியைத் தள்ளிச் சேர்க்க முடியும். ஆறடி ரோட்டவேட்டர் 400 கிலோ அளவுக்கு இருக்கும். சக்கரம் வாங்கும்போது அதைத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள், ஒவ்வொரு சக்கரத்துக்கும் பிரேக் இருக்கட்டும். இது சிமென்ட் தளத்தில் மட்டும்தான். மண்ணில் இதை வைத்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம்தான் கூடும்.

பின்னால் வருவது

தளத்தின் நடுவில் ஒரு கோடு போட்டுவிடுங்கள், சுண்ணாம்பாக இருந்தாலும் போதும். கருவியின் நடு மேல்முனை அந்தக் கோட்டின் மேல் நிற்க வேண்டும். வண்டியை எட்டு, பத்தடி முன்னாலேயே கோட்டின்மேல் நேராக்கிவிட்டுப் பிறகு பின்னால் வாருங்கள். கடைசி நேரத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்துச் சரிசெய்கிறவர்களுக்கு ஒரு கை பொருந்தும், மறு கை ஒரு சாண் தள்ளி நிற்கும். கோணலாக வந்துவிட்டால் மறுபடி முன்னால் போய் வருவதுதான் குறுக்குவழி.

லோ கியரில் ரிவர்ஸ், ஆக்சிலரேட்டர் தொடாமல், கிளட்சில் மட்டும். பின்னால் வருவதற்கு முன்பே கைகளைக் கருவியின் பின்னுக்குக் கீழே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டாப் லிங்க்கை அதன் கொக்கியில் மேலே மாட்டி வையுங்கள், இல்லையென்றால் அது கருவியின் நெஞ்சில் போய் முட்டி வளையும். பக்கவாட்டுச் செயின்கள் இரண்டையும் தளர்த்தி விடுங்கள். கை பக்கவாட்டில் தாராளமாக ஆடினால்தான் இரண்டு விரற்கடைப் பிசகை இழுத்துச் சரிக்கட்ட முடியும். செயின் இறுகியிருக்கும்போது கையோடு மல்லுக்கட்டுகிற டிரைவர்கள் எத்தனையோ பேர்.

இனி ஆட்களைப் பற்றி. வண்டி நகரும்போது வண்டிக்கும் கருவிக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது, யாரும் என்றால் யாரும்தான். வழிகாட்டுகிறவர் பின்டயருக்கு வெளியே, டிரைவர் கண்ணுக்குத் தெரியும்படி நின்று கையசைக்க வேண்டும். வாயால் சொல்வது இன்ஜின் சத்தத்தில் கேட்காது. 'வா வா'வும் 'வேண்டாம் வேண்டாம்'மும் ஒன்றுபோலத்தான் விழும். கை உயர்த்தி விரித்தால் நில் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வண்டி நின்று, கியர் நியூட்ரலுக்கு வந்து, பிரேக் பூட்டி, இன்ஜின் அணைந்து, சாவி டிரைவர் கைக்கு வந்த பிறகே உள்ளே நுழைய வேண்டும்.

என் இடது ஆள்காட்டி விரல் நகம் இப்போதும் கோணலாகத்தான் வளர்கிறது. இன்ஜின் அணைந்துதான் இருந்தது. ஓட்டையும் ஓட்டையும் நேராகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்தேன். மேலே இருந்த தம்பி லிவரில் கை வைத்தான். இன்ஜின் ஓடாவிட்டாலும் லிவரைக் கீழே தள்ளினால் கை இறங்கும் என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் அன்றைக்கு நினைவில் இல்லை. "லே, கையை எடுலே" என்று சித்தப்பா கத்தியது வலிக்குப் பிறகுதான் கேட்டது. அதன்பின் ஓட்டை பார்ப்பதற்கென்றே ஒரு முனை கூராக்கிய முக்கால் அடிக் கம்பி வைத்திருக்கிறேன். ஓட்டைக்குள் கம்பி போகலாம், விரல் போகக் கூடாது.

மாட்டும் வரிசை

இடது பின்னில் தொடங்குங்கள். வண்டியைச் சரியான தூரத்தில் நிறுத்தி, கைகளை ஏற்றி இறக்கும் பொசிஷன் கண்ட்ரோல் லிவரால் இடது கையைப் பின்னின் உயரத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குங்கள். கையைத் தூக்கிப் பின்னில் நுழைத்து லாக் பின் போடுங்கள். ஒரு விரற்கடை தூரம் போதவில்லை என்றால் கருவியை நெம்பாதீர்கள், ஏறி வண்டியை நகர்த்துங்கள். நெம்பிய கருவி திரும்பிக்கொள்ளும். வலது பக்கம் இன்னும் தள்ளிப் போகும்.

அடுத்து வலது. அநேகமாக உயரம் சரியாக இருக்காது. ராடின் கைப்பிடியைச் சுற்றி ஏற்றவோ இறக்கவோ செய்யுங்கள். பல வண்டிகளில் இந்தக் கைப்பிடி கிரீஸ் கண்டு வருடமாகியிருக்கும், சுற்றவே வராது. மழைக்காலம் முழுக்கத் தொளியில் ஓடும் வண்டிக்கு வாரம் ஒருமுறை அங்கே கிரீஸ் அடியுங்கள். மாட்டுவதைச் சுலபமாக்க இதைவிட மலிவான உபகரணம் கிடையாது. கைப்பிடியை எத்தனை சுற்றுச் சுற்றினோம் என்று எண்ணி வைத்துக்கொண்டால் பிறகு மட்டம் பார்க்கும்போது திருப்பிச் சுற்ற வசதி.

மூன்றாவது டாப் லிங்க். இது பிடிவாதக்காரன். வண்டிப் பக்கம் பின்னைப் போட்டுவிட்டு, நடுக்குழாயைச் சுற்றி நீட்டியோ சுருக்கியோ கருவியின் மேல் ஓட்டைக்குக் கொண்டுவாருங்கள். சுற்றிச் சுற்றியும் ஓட்டை சேராவிட்டால், வண்டி கிட்டவோ எட்டவோ நிற்பது அதற்குக் காரணம் இல்லை. இரண்டு கையும் மாட்டியாயிற்று, தூரம் இனி மாறாது. கருவிதான் முன்னாலோ பின்னாலோ சாய்ந்து நிற்கிறது. கைகளை லிவரால் கொஞ்சம் ஏற்றினால் கருவியின் தலை நகரும். ஏற்றிவிட்டு, அணைத்துவிட்டு, மறுபடி பாருங்கள்.

நீட்டும்போது ஒரு எல்லை உண்டு. இரண்டு பக்கத் திருகும் குழாய்க்குள் போதிய அளவு இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முழுக்க வெளியே வந்து நான்கு திரெட்டில் தொங்கிக்கொண்டிருந்தால் வயல் நடுவில் பிய்த்துக்கொண்டு கலப்பை கவிழும். இரண்டு பக்கமும் சமமாக வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

பின் உருவ வரவில்லை என்று சம்மட்டியைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பின் துருப்பிடித்து இறுகுவது குறைவு. அதன்மேல் பாரம் ஏறியிருப்பதுதான் அதிகம். கருவி முன்னால் விழப் பார்த்தால் டாப் லிங்க் அமுங்கியிருக்கும், பின்னால் விழப் பார்த்தால் இழுபட்டிருக்கும். இரண்டிலும் நடுக்குழாயை அரைச்சுற்று இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சுற்றினால் பாரம் இறங்கி, பின் கையாலேயே உருவிக்கொண்டு வரும். அடித்து எடுத்த பின்னின் தலை காளான்போல விரிந்து, அடுத்த முறை ஓட்டைக்குள்ளேயே போகாது.

ஒவ்வொரு கருவிக்கும் சரியான டாப் லிங்க் நீளம் ஒன்று உண்டு. அது அமைந்த அன்றைக்கே பின்னுக்குப் பின் அளந்து, அந்தக் கருவியின் நெஞ்சிலேயே பெயின்ட்டால் எழுதிவிடுங்கள். என் ரோட்டவேட்டரில் ஒரு எண், ஒன்பது கொழுக் கொத்துக் கலப்பையில் ஒரு எண், வட்டத் தட்டுகள் வைத்த சட்டிக் கலப்பையில் ஒரு எண். ஒவ்வொரு தடவையும் வயலில் இறக்கி ஏற்றிப் பார்க்கும் வேலை இதனால் போயிற்று.

பி.டி.ஓ. ஷாஃப்ட்

இன்ஜினின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் தண்டு இது. மூன்று முனையும் மாட்டிய பிறகே இதைத் தொட வேண்டும். டிராக்டரின் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் தண்டு பெரும்பாலும் 35 மி.மீ. விட்டம், ஆறு பல். ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் பூட்டை அமுக்கிக்கொண்டு பல்லுக்குப் பல் நேராக்கித் தள்ளினால் 'டக்' என்று உட்கார வேண்டும். சேரவில்லை என்றால் என்ன செய்கிறோம்? ரோட்டவேட்டர் பக்கத்தைப் பிடித்துத் திருப்பப் பார்க்கிறோம். கத்திகள் தரையில் ஊன்றியிருக்கும்போது அந்தப் பக்கம் எப்படித் திரும்பும்? பி.டி.ஓ. லிவரை நியூட்ரலில் வைத்து, டிராக்டர் பக்கத் தண்டைக் கையால் திருப்புங்கள், இன்ஜின் அணைந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆறு பல் என்பதால் அறுபது பாகைக்கு ஒரு வாய்ப்பு வருகிறது. கொஞ்சம் திருப்பினாலே போதும்.

அப்போதும் ஏறவில்லை என்றால் பல்லில் மண்ணும் பழைய கிரீஸும் கெட்டியாகியிருக்கும். டீசலில் நனைத்த துணியால் துடைத்து, புது கிரீஸ் லேசாகத் தடவுங்கள். கழற்றும் நாளில் டிராக்டர் தண்டின்மேல் மூடியைப் போட்டுவிட வேண்டும். மூடி எப்போதோ தொலைந்திருக்கும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்தால் அதே வேலையைச் செய்யும்.

'டக்' சத்தம் கேட்ட பிறகு ஷாஃப்ட்டை உங்கள் பக்கம் ஒருமுறை பலமாக இழுத்துப் பாருங்கள். பூட்டு சரியாக விழாத ஷாஃப்ட் ஓட்டத்தில் கழன்றால் என்னென்ன உடையும் என்று சொல்ல முடியாது.

புது ரோட்டவேட்டரோடு வரும் ஷாஃப்ட் உங்கள் வண்டிக்கு நீளமாக இருக்கலாம். நீளமானதை நெருக்கி மாட்டி ஓட்டினால், கருவியைத் தூக்கும்போது இரண்டு பாதியும் முட்டிக்கொண்டு கியர்பாக்ஸைத் தள்ளும். வெட்டும் முறை இது: கருவியை மூன்று முனையில் மட்டும் மாட்டுங்கள். தண்டும் கருவியின் தண்டும் நேருக்கு நேர் வரும் உயரத்துக்குத் தூக்குங்கள். தூரம் மிகக் குறைவாக இருப்பது அநேகமாக அங்கேதான். கருவி தானாக இறங்கிவிடாதபடி கீழே பலமான கட்டை கொடுத்து இன்ஜினை அணையுங்கள். ஷாஃப்ட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வண்டியிலும் மறு பாதியை கருவியிலும் மாட்டிப் பக்கம் பக்கமாகப் பிடித்துப் பாருங்கள். ஒரு பாதியின் முனை மறு பாதியின் மூட்டில் முட்டாமல், ஒவ்வொரு பக்கமும் 25 முதல் 40 மி.மீ. இடைவெளி இருக்கும்படி குறித்து, இரண்டு பாதியிலும் சம அளவு வெட்டுங்கள். பிளாஸ்டிக் உறையையும் அதே அளவு வெட்ட வேண்டும். வெட்டிய முனையை அரத்தால் தேய்த்து, பிசிறு நீக்கி, கிரீஸ் தடவிக் கோர்த்துப் பாருங்கள். பிறகு கருவியை வேலைசெய்யும் ஆழம் வரை இறக்கி, அந்த அதிகபட்ச நீளத்திலும் இரண்டு குழாயும் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குக் குறைந்தால் அந்த ஷாஃப்ட் அந்த வண்டிக்கு ஆகாது.

கோர்க்கும்போது இரண்டு முனையின் மூட்டிலும் உள்ள கவட்டை வடிவக் கவைகள் ஒரே நேராக இருக்க வேண்டும். ஒன்று படுத்தும் ஒன்று நின்றும் இருந்தால் வண்டியே நடுங்கும். மூட்டுக்குள் இருக்கும் சிலுவை வடிவ கிராஸ் சீக்கிரம் போகும். 'இந்தக் கம்பெனி கிராஸ் சரியில்லை' என்று மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள் முதலில் இதைப் பார்க்கட்டும்.

ஷாஃப்ட் 540 சுற்று என்று எழுதியிருப்பார்கள், அது நிமிடத்துக்கு. வினாடிக்கு ஒன்பது சுற்று. 35 மி.மீ. தண்டின் சுற்றளவு ஏறக்குறைய 11 செ.மீ.; ஆக வெறும் தண்டு மட்டுமே வினாடிக்கு ஒரு மீட்டர் துணியை இழுத்துச் சுற்றும். கட்டியிருக்கும் கைலி இரண்டு மீட்டர். மூட்டுப் பகுதி தண்டைவிடப் பெரிது, அங்கே இன்னும் வேகம். தோளில் துண்டு, அவிழ்ந்த கைலி, தொங்கும் முந்தானை எதுவும் ஓடும் ஷாஃப்ட்டின் பக்கம் வரக் கூடாது. உறை உடைந்தால் அதை மாற்றாமல் வண்டியை வெளியே எடுப்பதில்லை என்று எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு. உறையோடு வரும் சின்னச் சங்கிலியை வண்டியில் மாட்டினால்தான் உறை சுற்றாமல் நிற்கும். அந்தச் சங்கிலி எதற்கென்றே தெரியாமல் அறுத்து எறிந்தவர்கள் நிறைய.

சீக்கிரம் மாட்டும் சாதனங்கள் வாங்கலாமா?

மூன்று வகை கிடைக்கிறது. முதலாவது, நீளும் கை. கையின் முனை ஒரு பூட்டை அழுத்தினால் ஒரு சாண் வெளியே வரும். கருவியில் மாட்டிவிட்டு வண்டியை மெல்லப் பின்னால் விட்டால் 'டக்'கென்று பழைய இடத்தில் பூட்டிக்கொள்ளும். என் கணக்கில் தனியாளாக வேலை செய்கிற நம் விவசாயிக்கு மிகவும் உதவுவது இதுதான். கருவிகளில் எந்த மாற்றமும் செய்ய வேண்டியதில்லை.

இரண்டாவது, கொக்கி முனை. கருவியின் பின்னில் ஒரு குண்டைப் போட்டுவிட்டால், கையின் கொக்கி கீழிருந்து வந்து அதைக் கவ்விக்கொள்ளும். இறங்க வேண்டிய வேலை குறைவு. ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் குண்டு வாங்க வேண்டும், பூட்டுக்குள் தொளி போய் அடைத்துக்கொண்டால் கவ்வியதா இல்லையா என்று சந்தேகம் வரும். நம் சேற்று வயலில் தினமும் கழுவத் தயாராக இருந்தால் வாங்குங்கள்.

மூன்றாவது, முழுச் சட்டம். மூன்று முனையிலும் நிரந்தரமாக ஒரு சட்டத்தை மாட்டி, அதைக் கொண்டு கருவியை அள்ளுவது. சொந்தமாக நாலைந்து கருவி வைத்து நாள் முழுக்க மாற்றுகிறவர்களுக்கு நல்லது. எங்கள் பக்கம் பட்டறையிலும் அடித்துத் தருகிறார்கள். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சட்டம் கருவியை இன்னும் பின்னால் தள்ளுகிறது, அதனால் பி.டி.ஓ. ஷாஃப்ட் போதாமல் போகலாம், வண்டியின் முன்பக்கமும் இலேசாகும். எல்லாக் கருவியின் மூன்று முனைகளும் சட்டத்தின் அளவுக்கு ஒத்துவராவிட்டால் ஒவ்வொன்றையும் வெட்டி ஒட்டவேண்டிவரும். ரோட்டவேட்டர் ஒன்று, கலப்பை ஒன்று என்று வைத்திருப்பவருக்கு இது தேவையில்லாத செலவு. அந்தக் காசுக்குத் தளம் போடுங்கள்.

டிரெய்லர்

டிரெய்லரைக் கழற்றும் முன் இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் வையுங்கள், முன் ஜாக்கியைப் பலகையின்மேல் இறக்குங்கள். கொண்டி வண்டியின் கொக்கி உயரத்திலேயே நிற்கும்படி ஜாக்கியை விட்டுவைத்தால் மறுநாள் ஒரே ஆள் மாட்டலாம். எதையும் டாப் லிங்க் மாட்டும் இடத்திலிருந்து இழுக்காதீர்கள். பின்சக்கர அச்சுக்கு மேலே இழுவிசை போனால் முன்சக்கரம் கிளம்பும்.

டிப்பர் டிரெய்லரின் ஹைட்ராலிக் ஹோஸ் மதிய வெயிலில் ஏறவே ஏறாது, கவனித்திருப்பீர்கள். காலையில் சுலபமாக ஏறிய அதே முனை. ஹோஸுக்குள் அடைபட்ட எண்ணெய் வெயிலில் சூடேறி விரிந்து அழுத்தம் கூடிவிடுகிறது. கழற்றும் முன் டிரெய்லரை முழுக்க இறக்கி, இன்ஜினை அணைத்து, ஹைட்ராலிக் லிவரை முன்னும் பின்னும் நான்கு தடவை அசைத்து அழுத்தத்தை விட்டுவிட்டுக் கழற்றுங்கள். கழற்றிய முனையை நிழலில் கட்டித் தொங்கவிடுங்கள். நம்மூர் வெயிலுக்கு இது அவசியம்.

கிளம்புமுன்

கருவியைத் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கிப் பின்னாலிருந்து பாருங்கள். இடம் வலம் மட்டமில்லை என்றால் வலது ராடின் கைப்பிடி, முன்பின் மட்டமில்லை என்றால் டாப் லிங்க். அடுத்து செயின்கள். ரோட்டவேட்டருக்கு நன்றாக இறுக்க வேண்டும், ஆடினால் கத்தி டயரைத் தொடும். கொத்துக் கலப்பைக்கும் சட்டிக் கலப்பைக்கும் கொஞ்சம் ஆட்டம் விடுங்கள். பிறகு முழு உயரத்துக்கு மெதுவாகத் தூக்கி, ஷாஃப்ட் எங்காவது உரசுகிறதா, கருவி மட்கார்டைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். தூக்கியபடி பி.டி.ஓ.வை ஓட்டாதீர்கள்.

கருவியைத் தூக்கியதும் ஸ்டீயரிங் லேசாகிப் போனால் முன்சக்கரத்தில் போதிய பாரம் இல்லை என்று அர்த்தம். வண்டியின் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் இருக்க வேண்டும். முன்னால் வெயிட் போடாமல் கால்வாய்க் கரை மேட்டில் ஏறுவது நல்லதல்ல.

கழற்றும் நேரம்

வேலை முடிந்து களைத்துப்போய் வரும் நேரம் இது. அதனால்தான் எல்லாம் இங்கே கெடுகிறது. கடைசி ஐந்து நிமிடத்தை இப்படிச் செலவழியுங்கள்.

முடிந்தால் வாய்க்காலிலேயே கத்திச் சேற்றைக் கழுவிவிட்டு, தளத்துக்கு வந்து, கோட்டின்மேல் நேராக நின்று, பனங்கட்டைமேல் இறக்குங்கள். ஸ்டாண்டைப் போடுங்கள். இறக்கிய பிறகும் லிவரை முழுக்கக் கீழே தள்ளி, கருவியின் முழு எடையும் கட்டையில் உட்கார்ந்துவிட்டதா என்று பாருங்கள். ஹைட்ராலிக்கில் தொங்கும் கருவிக்கு அடியில் யாரும் கை வைக்கக் கூடாது. இன்ஜினை அணைத்து, முதலில் ஷாஃப்ட்டை வண்டிப் பக்கம் கழற்றி, சேற்றில் விழாமல் கருவியிலேயே கொக்கி போட்டுத் தொங்கவிடுங்கள். செயினைத் தளர்த்துங்கள். டாப் லிங்க்கை அரைச்சுற்று சுற்றிப் பாரம் இறக்கிப் பின்னை உருவுங்கள். அப்போது கருவி கொஞ்சமும் அசையக் கூடாது. அசைந்தால் கட்டை சரியில்லை. திரும்ப மாட்டி, தூக்கி, கட்டையை மாற்றுங்கள். பிறகு வலது, பிறகு இடது.

உருவிய பின்களை வண்டியில் கொண்டுபோகாமல் அந்தந்தக் கருவியின் ஓட்டையிலேயே திரும்பப் போட்டு லாக் பின்னை மாட்டிவிடுங்கள். பின்களின்மேலும் டாப் லிங்க் திருகின்மேலும் பழைய இன்ஜின் ஆயிலைத் துணியால் ஒரு தடவு. மேலே ஒரு தார்ப்பாயை இழுத்துவிட்டு, வண்டியை நேராக முன்னால் எடுங்கள், ஸ்டீயரிங்கை ஒடிக்காமல். நாளைக் காலை அதே கோட்டில்தான் பின்னால் வரப்போகிறீர்கள்.